சுவருக்கு எந்தச் சட்டை போடுவது?

என்ன துணி போடணும்னு கேட்டுக்கிட்டு என் கடைக்கு மாசத்துக்கு நாலஞ்சு பிள்ளைங்க வருது. நான் தையல்காரன். கடை பட்டாளம் பக்கம், வீடு புளியந்தோப்பு. வர்ற பிள்ளைங்க கையில் செல்போன், அதுல ஒரு பட்டியல். கல்லூரியில் வேலைவாய்ப்புக்குன்னு இருக்கிற சார் அனுப்பியது, இல்லேன்னா ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துப் பயிற்சியில் கொடுத்தது. நேரில் கூப்பிடாமல் வீடியோவில் நடத்துகிறார்களே நேர்முகத் தேர்வு, அதுக்கு எப்படி உடுத்திக்கிட்டு உட்காரணும் என்கிற பட்டியல் அது.

வெளிர்நீலச் சட்டை போடு. பொடிக்கோடு, பொடிக்கட்டம் வேண்டாம், கேமராவில் நெளியும். பொண்ணா இருந்தா சுடிதாருக்கு மேல ஒரு கோட்டு. பெரிய கம்மல் வேண்டாம். தலையில் கலர் வேண்டாம். பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். சத்தமில்லாத அறையில் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார். எதிரே ஜன்னலிலிருந்து முகத்தில் வெளிச்சம் விழட்டும்.

சட்டை வரைக்கும் சரி. அதுக்கு நான் இருக்கேன், நானூறு ரூபாய்த் துணியில் நாலாயிரம் ரூபாய்க் காலர் வைத்துத் தருவேன். அதுக்கு மேல? வெறும் சுவர், சத்தமில்லாத அறை, சாத்துவதற்கு ஒரு கதவு, எதிரே ஒரு ஜன்னல்! இது துணி பற்றிய யோசனையா, வீடு பற்றிய யோசனையா? பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அஞ்சு பேர் புழங்குகிற வாரியக் குடியிருப்புப் பிள்ளையிடம் 'பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும்' என்று சொல்கிறவனுக்கு அதன் அர்த்தம் தெரியுமா? தெரியாமல் சொன்னால் முட்டாள்தனம். தெரிந்தே சொன்னால் அதுக்கு வேற பேர் இருக்கு.

முன்னெல்லாம் வேலை கேட்டுப் போனவன் வீட்டை வீட்டிலேயே விட்டுட்டுப் போனான். 1994இல் நானும் அப்படிப் போனவன்தான். இரவல் சட்டை, இரவல் ஷூ. பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறி, ஒரு கம்பெனி வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்ட ஆள் முதலில் கேட்டது 'எங்கேர்ந்து வர்றே?' பெரம்பூர் என்றேன். புளியந்தோப்புக்காரன் எவனும் வேலைக்குப் போன இடத்தில் புளியந்தோப்பு என்று சொன்னதில்லை. பெரம்பூர் என்போம், புரசைவாக்கம் என்போம், ஓட்டேரி என்றுகூடச் சொல்லிப்பார்த்தவர்கள் உண்டு. 'பெரம்பூர்ல எங்கே?' என்று அவன் அடுத்த கேள்வியைப் போட்டான். அதோடு முடிந்தது. வெளியே வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அதை நான் இப்போது அழுது சொல்லவில்லை. ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் சொல்கிறேன். அன்றைக்கு என் சட்டை என் வீட்டை மறைத்தது, என் பொய் என் தெருவை மறைத்தது. இன்றைக்கு எங்க பிள்ளைங்களுக்கு அந்தப் பொய்கூட மிச்சமில்லை. கேமரா வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீடே உடுப்பாகிவிட்டது. சுவர் தெரியுது, கொடி தெரியுது, கொடியில் காயும் பாவாடை தெரியுது. ஆடுதொட்டி நாத்தம் மட்டும்தான் இன்னும் அதுல போகல.

என் தங்கச்சி மகள் கதையைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் படித்த பொண்ணு, எங்க குடும்பத்தில் முதல் பட்டதாரி. 2022இல் ஒரு கம்பெனி வீடியோவில் தேர்வு வைத்தது. சாம்பல் நிறத்தில் நான்தான் கோட்டு தைத்துக் கொடுத்தேன். காலையில் தங்கச்சி வீட்டுக்குப் போனா வீடே அல்லோலகல்லோலப்படுது. சிலிண்டரை வெளியே வச்சாச்சு. கொடியை அவுத்தாச்சு. எங்கம்மாவுக்கு இருமல், அது சத்தம் போகும்னு மாடிப்படியில் ஒரு பாயைப் போட்டு உட்கார வச்சாச்சு. எழுபத்தெட்டு வயசுக் கிழவி, மகள் வீட்டுக்குள் இருக்கக் கூடாத ஆளாகிப் படியில் உட்கார்ந்திருக்கு.

அப்புறம் தங்கச்சி மெதுவா என்கிட்ட வந்தா. 'ண்ணா, அந்தப் படத்த எறக்கிடுண்ணா. தெரியும்.'

எந்தப் படம்னு நான் கேட்கல. எங்க வீடுகள்ல அந்த ஒரு படம்தான் 'தெரியும்'. கோட்டுப் போட்டு, கண்ணாடி போட்டு, பையில் பேனா குத்தி அண்ணல் உட்கார்ந்திருக்கிற படம். அந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் பார்த்தது. 'வேணாம் மாமா, இருந்துட்டுப் போகட்டும்' என்றது. நான் கேட்கல. ஸ்டூலைப் போட்டு ஏறினேன், இந்தக் கையால நானே இறக்கினேன். பீரோவுக்குப் பின்னால் திருப்பி வச்சேன். சுவர்ல ஒரு ஆணி, படம் இருந்த இடத்துல ஒரு வெளுத்த சதுரம்.

பேட்டிக்கு முன்னால் ஒரு பரீட்சை. காப்பி அடிக்கிறியான்னு பார்க்கணுமாம். செல்போனைக் கையில் எடுத்து அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது திரை. நாலு மூலையும் காட்டு, மேஜைக்கு அடியில் காட்டு. மேஜை ஏது? அரிசி டிரம் மேல பலகை. சுற்றிக் காட்டினாள். வெளியே வைத்தது போக மீதி அத்தனையும் போச்சு. போலீஸ்காரன் வீட்டைச் சோதனை போடணும்னா அதிகாரம் காட்டணும், பக்கத்தில் சாட்சி வச்சுக்கணும்னு சட்டம் இருக்கு. நம்ம தெருவுல அது எந்த அழகுல நடக்குதுன்னு நமக்குத் தெரியும், ஆனாலும் ஏட்டுல இருக்கு. வேலை தருவதாகச் சொல்கிறவனுக்கு அது ஏட்டுலகூட இல்லையாம். பிள்ளை கையாலேயே வீட்டைச் சோதனை போடலாமாம்.

வேலை கிடைக்கல. துணியாலயா, சுவராலயா, தெருப் பேராலயா, இல்ல அவள் சொன்ன பதிலே சரியில்லையா? தெரியாது. 'வருந்துகிறோம்' என்று ரெண்டு வரி வந்தது. என்ன குறை என்று சொல்லாமலே திருப்பி அனுப்புவதில்தான் அவர்களுடைய பலம் இருக்கிறது. காரணம் சொன்னால் சண்டை போடுவோமே!

'இதுல சாதி எங்கே வந்தது? எல்லா ஏழைக்கும் இதே கதிதானே?' என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்லவேண்டியிருக்கிறது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் சாதி இந்துக்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி 'இந்தியாவில் சாதி' பற்றி எழுதிய புத்தகத்தில் அதைப் பதிந்து வைத்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேல் உடம்பை மறைக்கக் கூடாது. பொன் வெள்ளி நகை கூடாது, பூ கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது.

இந்தப் பட்டியலையும் அந்தச் செல்போன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அதில் அடி விழுந்தது, வீடு எரிந்தது. இதில் 'வருந்துகிறோம்' வருகிறது. ஆனால் துணியில் ஆரம்பித்து, தலைமுடிக்கு ஏறி, கடைசியில் வீட்டுக்குள் புகுந்து பானை சட்டியை எண்ணுகிற பழக்கம் புதுசில்லை. சட்டை போடாதே என்றார்கள் அன்று. நாங்கள் போடும் சட்டையைப் போடு, அதை மாட்ட எங்களைப் போல வீடும் வைத்துக்கொள் என்கிறார்கள் இன்று. இடுப்புக்கு மேல் துணி கூடாது என்றார்களே, கேமரா பார்ப்பது சரியாக அந்த இடுப்புக்கு மேலேதான். கீழே கைலி கட்டியிருந்தாலும் எவனுக்கும் கவலையில்லை.

இராமநாதபுரத்தில் அந்தத் தடை போட்ட அதே மாசம் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 12ஆம் தேதி தொடங்கிய மாநாட்டில் நம் சார்பில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர். அண்ணல் அம்பேத்கர், நம் இரட்டைமலை சீனிவாசன். இரண்டு பேரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். சீனிவாசனார் கோட்டின் மேல் தீண்டப்படாதவன் என்று அட்டை குத்திக்கொண்டு போனார், அரசர் ஐந்தாம் ஜார்ஜ் கை நீட்டியபோது கை கொடுக்க மறுத்தார் என்பது நம் சேரிகளில் தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. அந்த அட்டையை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கதையை நம் ஜனங்கள் ஏன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. ஒளிந்துகொள்வதற்காக அவர் கோட்டுப் போடவில்லை.

நம் ஊருக்கே வருவோம். இங்கே மில் இருந்தது. பக்கிங்காம் மில், கர்நாடிக் மில், ஜனங்கள் வாயில் பின்னி மில். வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் காக்கித் துணி நெய்த மில் அது. என் அப்பா அதில் காக்கி நெய்தார். அவர் நெய்த துணியைப் போட்டவன்தான் எங்கள் தெருவில் லத்தியோடு வந்தான். 1921இல் அந்த மில்லில் வேலைநிறுத்தம். வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர்கள் மேல் மற்ற தொழிலாளர்களுக்கு ஆத்திரம், ஜூன் மாசக் கடைசியில் புளியந்தோப்பில் நம் குடிசைகள் எரிந்தன. மில் முதலாளி தன் லாபத்துக்குப் பிளவைப் பயன்படுத்தினான், உண்மை. ஆனால் தீ வைத்த கை தொழிலாளி கை. அதே வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில் காந்தியார் சட்டையைக் கழற்றி அரைத்துணிக்கு மாறினார். தேசமே கண்ணீர் விட்டது. சட்டை இருக்கிறவன் கழற்றினால் தியாகம். சட்டை போடவே அனுமதியில்லாதவனுக்கு அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

அந்த மில் 1996இல் மூடியது. சினிமாக்காரர்கள் கொஞ்சகாலம் அதில் செட் போட்டார்கள். இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடி எழும்புகிறது. அங்கே குடிவருகிறவனுக்கு வெறும் சுவர் இருக்கும், சாத்துகிற கதவு இருக்கும். நமக்கு எப்படிப்பட்ட சுவர் கொடுத்தார்கள் என்பதை 2021 ஆகஸ்டில் தமிழ்நாடே டி.வி.யில் பார்த்தது. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதுசாகக் கட்டிய வாரியக் குடியிருப்பில், விரலால் சுரண்டினாலே காரை கொட்டியது. ஐ.ஐ.டி.யிலிருந்து ஆள் வந்து ஆராய்ச்சி பண்ண வேண்டியிருந்தது. அந்தச் சுவரின் முன்னால்தான் நம் பிள்ளை உட்கார்ந்து 'நான் உங்கள் நிறுவனத்துக்கு ஏற்றவன்' என்று சொல்ல வேண்டும்.

சாதி எங்கே வருகிறது என்று கேட்டவர்களுக்கு இன்னொரு சங்கதி. சுகதேவ் தோரட், பால் அட்வெல் இரண்டு பேரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே மாதிரி படிப்பு, பெயர் மட்டும் வேறு வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லிப் பக்கம் பெரிய கம்பெனிகளில் ஆள் எடுக்கும் 25 அதிகாரிகளிடம் பேசி எழுதிய ஆய்வும் அதே வருஷம் வெளிவந்தது. சாதி பார்ப்பதே இல்லை, திறமைதான் என்றார்கள் அவர்கள். ஆனால் குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள்.

நம் தமிழ்நாட்டில் பேருக்குப் பின்னால் சாதி கிடையாது. நல்ல காரியம். அதனால் இங்கே பேரை விட்டுவிட்டு ஊரைக் கேட்கிறான், தெருவைக் கேட்கிறான், அப்பா என்ன வேலை என்கிறான். இப்போது அதையும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே கேமரா காட்டிக் கொடுக்கிறது. கேட்டால் குற்றம், பார்த்தால் குற்றமில்லை. தனியார் கம்பெனியில் நமக்கு இடஒதுக்கீடும் இல்லை, கணக்குக் கேட்க ஆளும் இல்லை.

சரி, பின்னால் செயற்கைப் படம் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். சுவருக்குச் சட்டை போடுகிற வேலை அது. புத்தக அலமாரி வைக்கலாம், பூந்தொட்டி வைக்கலாம். ஆனால் அதுக்கு நல்ல செல்போன் வேண்டும், நெட் வேண்டும். மட்டமான போனில் காது போய் வரும், தோள் கரைந்து போகும். 2020 செப்டம்பரில் வட அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பேராசிரியரின் தலையையே அந்தச் செயற்கைப் படம் விழுங்கிவிட்டது. தலை என்று அதுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்துக் கலர் பிலிமே வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தை அளவுகோலாக வைத்துச் சரிபார்க்கப்பட்டதுதான்.

என் பக்கத்துக் கடை ஸ்டூடியோக்காரர் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கறுத்த முகத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கேமரா சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் நிழலாகிவிடும். பளீர் வெள்ளைச் சட்டையும் அதே வேலையைத்தான் செய்யும். ஆகவே பிள்ளைகளே, வெள்ளை வேண்டாம். நடுத்தர நிறம் எடுங்கள்: கருநீலம், பச்சை, செம்மண் நிறம். காலர் விறைப்பாக இருக்கட்டும், திரையில் தெரிவதே காலரும் தோளும்தான். தோள் தையல் தோள் எலும்பில் உட்கார வேண்டும், இரவல் சட்டையைக் காட்டிக் கொடுப்பது அந்த இடம். பல்பு தலைக்குப் பின்னால் இல்லாமல் முகத்துக்கு எதிரே எரியட்டும். போன் கண் மட்டத்தில் நிற்கட்டும். இதெல்லாம் வெறும் தொழில் நுணுக்கம். இதுக்கு மேல் யாராவது 'கண்ணியமாக உடுத்து' என்று பாடம் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். என் ஆயாவும் பாட்டனும் கண்ணியமாக உடுத்த முயன்றதுக்குத்தான் அடி வாங்கினார்கள்.

இனி நம் பக்கத்துத் தோழர்களிடம் ஒரு வார்த்தை. கோட்டும் டையும் கார்ப்பரேட் அடிமைச் சின்னம், நம் பிள்ளைகள் ஏன் அதைப் போட வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கசங்கிய கதர் ஜிப்பா, மூன்று நாள் தாடி. அவருக்கு அது அழகாகத்தான் இருந்தது. கசங்கிய ஜிப்பா போட்டாலும் அவரை யாரும் வாட்ச்மேனிடம் நிறுத்தி வைப்பதில்லை. அவர் உடம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டை பிறக்கும்போதே போர்த்தியிருக்கிறது. எங்க பையன் தலையில் ரெண்டு கோடு போட்டு வெட்டினா 'புள்ளிங்கோ' என்று ஊரே சிரிக்குது, போலீஸ் நிறுத்தி வண்டிச் சாவியைப் புடுங்குது. எளிமையாக உடுத்துவது என்பதே ஒரு சலுகை தோழர். எங்களுக்கு இஸ்திரி போட்ட சட்டைதான் கலகம்.

அதே சமயம், நல்லா உடுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற பயிற்சிக்காரர்களையும் நம்ப முடியாது. அவர்கள் சொல்வதைத்தானே நான் அன்றைக்குச் செய்தேன்? கோட்டுப் போட்ட பிள்ளைக்காகக் கோட்டுப் போட்ட அண்ணலை ஆணியிலிருந்து இறக்கினேன். எவன் சொல்லி இறக்கினேன்? கம்பெனி சொல்லவில்லை. சட்டம் சொல்லவில்லை. 1994இல் பெரம்பூர் என்று சொன்ன அதே நாக்குதான் 2022இல் கையாக நீண்டது. எதிரி கேட்பதற்கு முன்னாலேயே நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம் பாருங்கள், இதைவிட அவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே சொல்கிறேன். வேலை கொடுக்கிறவன் முதல் சுற்றில் கேமராவைக் கேட்கக் கூடாது. குரல் போதும், பதில் போதும். வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்வது அறவே கூடாது. தெரு, அப்பா தொழில் எதுவும் வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று எழுதித் தரவேண்டும். அரசாங்கம் கொளத்தூரில் 2024இல் 'முதல்வர் படைப்பகம்' என்று படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் திறந்தது. நல்லது. அதேபோல் ஒவ்வொரு வாரியக் குடியிருப்பிலும், இங்கிருந்து பிடுங்கிக் கொண்டுபோய்ப் போட்ட கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும், கதவு சாத்துகிற நாலு சின்ன அறை, மேஜை, விளக்கு, நெட் வேண்டும். வீடு கொடுத்தபோது சுவரை உருப்படியாகக் கொடுக்காதவர்கள் இதையாவது கொடுக்கட்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கை இதுக்கெல்லாம் தலைக்கோரிக்கை, அதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டது வரும்வரை சும்மா இருக்க முடியாது. எங்கள் தெரு மன்றத்தில் ஒரு பழைய பீரோ இருந்தது. அதில் ஆறு கோட்டு தைத்து மாட்டியிருக்கிறேன். 36, 38, 40 அளவில் ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு மூன்று. தோள் சரியில்லேன்னா முந்தின நாள் கடைக்கு வந்தா பிரிச்சுத் தைச்சுத் தர்றேன். காசு வேண்டாம், துவைச்சுக் கொண்டாந்து மாட்டினா போதும். மன்றத்து அறையில் நீங்க பேசி முடிக்கிறவரைக்கும் கேரம் போர்டு ஆடற பசங்க வெளியே நிப்பாங்க.

அந்த அறைச் சுவரிலும் அண்ணல் படம் இருக்கு. யாராவது இறக்கட்டுமான்னு கேட்டா அது அந்தப் பிள்ளை இஷ்டம், அதோட வேலை, அதோட பயம், நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனா ஸ்டூலைப் போட்டு ஏறப் போறவன் நான் இல்ல. தங்கச்சி வீட்டுப் படத்தை அன்னைக்குச் சாயங்காலமே அந்தப் பொண்ணு எடுத்து மாட்டிடுச்சு. எங்கம்மாவைப் படியிலிருந்து கூட்டிக்கிட்டு வந்ததும் அதுதான்.